குண்டு கிராமத்திலிருந்து ஆயிரம் கெஜம் வரை

(பொறியியல் முன்னாள் மாணவர் ஆண்டுக் கூடலில், சிதம்பரத்தில் ஆற்றிய உரை. பேசிய நடையை அதிகம் திருத்தாமல் எழுதித் தந்திருக்கிறேன்.)

அன்று எங்களுக்கு மெஷின் டிசைன் சொல்லிக் கொடுத்து, இன்று இவன் என்ன உளறப் போகிறானோ என்று முன்வரிசையில் அமர்ந்து பார்த்துக் கொண்டிருக்கும் எங்கள் பேராசிரியர் அவர்களே, 1972 பேட்ச் நண்பர்களே, உடன் வந்திருக்கும் குடும்பத்தினரே,

செயலாளர் போனில் கூப்பிட்டு, "ஏதாவது டெக்னிக்கலா பேசுங்க சார். ஆனா அரை மணிக்குள்ள முடிச்சுடுங்க, அப்புறம் சாப்பாடு" என்றார். எனக்குத் தெரிந்த டெக்னிக்கல் விஷயம் இப்போது ஒன்றுதான். நெடுந்தூர இலக்குத் துப்பாக்கி. அதற்கு என்னென்ன உறுப்புகளை, எந்த வரிசையில் தேர்ந்தெடுப்பது என்பதில் பதினைந்து வருடங்களையும், என் மனைவிக்குத் தெரிந்த கணக்கில் ஒரு தொகையையும், தெரியாத கணக்கில் இன்னொரு தொகையையும் செலவழித்திருக்கிறேன்.

துப்பாக்கி என்ற சொல்லை இந்த ஊரில் லேசாகச் சொல்லிவிட முடியாது. 1965 ஜனவரி 27 அன்று நம் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். நாங்கள் 1967இல் இங்கே சேர்ந்தபோதும் அந்தப் பேச்சு விடுதியில் ஓயவில்லை. அதே விடுதியில் இருந்துகொண்டுதான் நான் என்.சி.சி. துப்பாக்கி அணியிலும் சேர்ந்தேன். என் அப்பா ஒரு மாதம் கடிதம் போடவில்லை. ஆகவே நான் பேசப்போவது காகிதத்தில் ஓட்டை போடும் விளையாட்டைப் பற்றி மட்டுமே என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் கடலூர் ஓ.டி.க்காரன். எங்கள் ஊருக்கும் நெடுந்தூரச் சுடுதலுக்கும் பழைய சம்பந்தம் உண்டு. 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியர்களிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனிக்காரர்கள் விலைக்கு வாங்கினார்கள். அப்போது சென்னைக் கோட்டையின் கவர்னர் எலிஹூ யேல். கோட்டையோடு எவ்வளவு நிலம் என்று கேள்வி வந்ததாம். பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை என்று முடிவு. பீரங்கியைப் பல திசைகளிலும் திருப்பிச் சுட்டார்கள். குண்டு எட்டிய இடமெல்லாம், கடலூரும் சேர்த்து, கம்பெனிக்குப் போயிற்று. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பேர் நின்றுவிட்டது. எங்கே விழும் என்று தெரியாமல் சுடுவது அந்தக் காலத்து நெடுந்தூரச் சுடுதல். சர்வேயர் வேலையை பீரங்கிக்காரன் பார்த்த ஊர் எங்கள் ஊர்!

அது போகட்டும். நம்மில் பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம் இருக்கிறது. எனக்கே ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. பெஞ்சமின் ராபின்ஸ் என்று ஒரு ஆங்கிலேயக் கணிதர். 1742இல் பீரங்கியியல் பற்றிப் புதிய கொள்கைகள் என்று ஒரு புத்தகம் எழுதினார். அதை மாமேதை ஆய்லர் 1745இல் ஜெர்மனில் மொழிபெயர்த்து விளக்கவுரையும் எழுதினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ராபின்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை எஞ்சினியராக 1750இல் இங்கே வந்து, கோட்டைகளைச் சீர்செய்யும் வேலையில் இருந்தபோது காய்ச்சல் கண்டு, 1751 ஜூலை 29 அன்று தேவனாம்பட்டினம் புனித டேவிட் கோட்டையில் இறந்து போனார். நவீன பாலிஸ்டிக்ஸுக்குத் தந்தை என்று உலகம் சொல்லும் மனிதர் கடைசி மூச்சு விட்டது கெடிலம் ஆற்றங்கரையில். நாமோ அங்கே சனிக்கிழமை சாயங்காலம் சுண்டல் வாங்கித் தின்றிருக்கிறோம்.

அவர் செய்தது என்ன? தொங்கவிட்ட ஒரு பெரிய மரக்கட்டையில் குண்டைச் சுட்டார். கட்டை எவ்வளவு ஆடுகிறது என்று அளந்து, அதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். முதல் வருட மெக்கானிக்ஸ் லேபில் நாம் மார்க்குக்காகச் செய்த அந்த பெண்டுலம் இவருடையதுதான். வேகம் விநாடிக்கு 1,700 அடி அளவில் வந்தது. அந்த வேகத்தில் காற்று கொடுக்கும் எதிர்ப்பு, அதுவரை எல்லோரும் நினைத்ததைவிடப் பல மடங்கு அதிகம் என்று காட்டினார். காற்றை ஒன்றுமில்லை என்று ஒதுக்கிவிட்டுப் பரவளையம் வரைந்துகொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய அடி.

இன்னொரு வேடிக்கையும் செய்தார். துப்பாக்கிக் குழலின் முனையை இடப்பக்கம் லேசாக வளைத்தார். எதிரே மெல்லிய காகிதத் திரைகளை வரிசையாகத் தொங்கவிட்டுச் சுட்டார். குண்டு முதலில் இடப்பக்கம் போய், பிறகு கோட்டைக் கடந்து வலப்பக்கம் திரும்பியது. காரணம் சுழற்சி. கண்டபடி சுழலும் குண்டு கண்டபடி போகும். ஆகவே குழலுக்குள் சுருள் வரி வெட்டி, குண்டை அதன் அச்சிலேயே சுழலவிட வேண்டும், இதை முழுதாகப் புரிந்துகொண்ட நாடு மற்றவர்களை மிஞ்சும் என்று 1747இலேயே சொன்னார். ராணுவங்கள் அதைக் கேட்டு நடக்க நூறு வருடம் ஆயிற்று.

சரி, என் கதைக்கு வருகிறேன். வேலைக்காக ஆஸ்திரேலியா போனவன் பிரிஸ்பேனில் தங்கிவிட்டேன். அங்கே பெல்மான்ட் என்ற இடத்தில் பெரிய ரைஃபிள் ரேஞ்ச் இருக்கிறது. 1996இல் போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பிறகு அங்கே சட்டத்தை மிகவும் இறுக்கிவிட்டார்கள். லைசென்ஸ், தக்க காரணம், இரும்புப் பெட்டி எல்லாம் வேண்டும். எனக்கு அதில் பூரண சம்மதம். இந்தியாவில் 1959ஆம் வருடத்து ஆயுதச் சட்டப்படி .303, 7.62 போன்ற ராணுவத் தோட்டா ரகங்கள் பொதுஜனங்களுக்குத் தடை. அதனால் நம் பிள்ளைகள் பெரும்பாலும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள், 50 மீட்டர் பாயிண்ட் டூ டூ என்றே போகிறார்கள். அதிலேயே உலகத்தை வென்றும் வருகிறார்கள்.

ஓய்வு நெருங்கும் வயதில் நான் சேர்ந்தது எஃப் கிளாஸ் என்ற பிரிவு. ஜார்ஜ் ஃபார்குஹார்சன் என்ற கனடாக்காரரின் பெயரின் முதலெழுத்துதான் அந்த எஃப். வயதாகி, கண் மங்கி, முழங்கை வலி வந்தவர்களும் சுட வேண்டும் என்று அவர் ஆரம்பித்தது. படுத்துக்கொண்டு, துப்பாக்கிக்குத் தாங்கி வைத்து, ஸ்கோப்பில் பார்த்துச் சுடலாம். நமக்கென்றே செய்த மாதிரி இல்லை? தூரம் 1,000 கெஜம், அதாவது 914 மீட்டர். இலக்கின் நடுவில் பத்தங்குல வட்டம், அதற்குள்ளே ஐந்தங்குல வட்டம். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு சாப்பாட்டுத் தட்டு. குண்டு போய்ச் சேர ஒன்றரை விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் முப்பது அடிக்கு மேல் கீழே இறங்கிவிடும். இறக்கம் பரவாயில்லை, கணக்கில் அடங்கும். காற்றுதான் அடங்காது.

இனி துப்பாக்கிக்கு வருவோம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தப்பை நானும் செய்தேன். முதலில் ஸ்கோப் வாங்கினேன். கையிருப்பில் பாதி போயிற்று. அடுத்து நீலமும் சாம்பலுமாக வரி போட்ட அழகான ஒட்டுப்பலகைக் கட்டை. அதற்குப் பிறகுதான் குழல். பல பரிசுகள் வாங்கிய ஒருவர் கழற்றி விற்ற குழல், மலிவாகக் கிடைத்தது. பரிசு வாங்கிய குழல் அல்லவா, நமக்கும் வாங்கித் தராதா என்ன? கடைசியாகத்தான், எந்த புல்லட் போடலாம் என்று யோசித்தேன். கனமான புல்லட் காற்றுக்கு அசையாது என்று படித்து 200 கிரெய்ன் வாங்கினேன். நம் அளவில் 13 கிராம். துப்பாக்கியைப் பூட்டிக் கொடுத்தவர் மட்டும், "இந்தக் குழலுக்கு இந்த புல்லட்டா?" என்று ஒரு தரம் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

வரிசை நேர் தலைகீழ். சொல்கிறேன் கேளுங்கள்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது புல்லட். குழலை விட்டு வெளியே போன பிறகு அந்த ஒன்றரை விநாடி, காற்றில் தனியாக இருப்பது அது மட்டும்தான். ஸ்கோப்பும் வராது, கட்டையும் வராது. பழைய பாணி 155 கிரெய்ன் .308 புல்லட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக்காற்று, அதாவது மரக்கிளையின் இலையெல்லாம் ஆடும் காற்று, ஆயிரம் கெஜத்தில் அதை ஏறக்குறைய எட்டடி தள்ளிவிடும். நீளமாக, ஊசிமுனையாக வந்திருக்கும் 7 மி.மீ. 180 கிரெய்ன் புல்லட்டை அதே காற்று ஐந்தடிக்குள் தள்ளும். மூன்றடி வித்தியாசம்! எந்த ஸ்கோப்பும் இதைக் கொடுக்காது. ராபின்ஸ் பெண்டுலத்தில் கண்ட காற்றெதிர்ப்புதான் இது.

ஆனால் நீளமான புல்லட்டுக்கு ஒரு கண்டிஷன் உண்டு. நீளம் கூடக்கூட வேகமாகச் சுழல வேண்டும். இல்லையென்றால் தலைகுப்புற விழும். நாம் விட்ட பம்பரம் மாதிரிதான். இதற்கு கிரீன்ஹில் என்பவர் 1879இல் ஒரு சூத்திரம் கொடுத்தார். விட்டத்தின் வர்க்கத்தை 150ஆல் பெருக்கி நீளத்தால் வகுக்க வேண்டும், எல்லாம் அங்குலத்தில். எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று வேண்டும் என்பது வந்துவிடும். என்னுடைய 200 கிரெய்ன் புல்லட்டின் நீளம் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம். .308இன் வர்க்கம் 0.095. அதை 150ஆல் பெருக்கி ஒன்றரையால் வகுத்தால் ஒன்பதரை. நான் வாங்கிய குழலில் 13 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அது 155 கிரெய்னுக்காகவே வெட்டிய குழல். அதற்குப் பரிசு வாங்கித் தந்ததும் 155தான். இந்தக் கணக்கு ஒரு தபால் கார்டில் அடங்கும். பி.ஈ. மெக்கானிக்கல் முதல் வகுப்பில் தேறிய நான் போட்டுப் பார்க்கவில்லை. (சார் அங்கே தலையில் அடித்துக்கொள்வது இங்கிருந்து தெரிகிறது.)

முதல் நாள் ஆயிரம் கெஜத்தில் இருபது ரவுண்டு சுட்டேன். இலக்குக்குக் கீழே பள்ளத்தில் நின்று புள்ளி காட்டுபவர் வயதான மனிதர். ஆறு ரவுண்டு போர்டிலேயே விழவில்லை என்று சைகை காட்டினார். மற்றவை நாலு மூலைக்கும் போயிருந்தன. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த ஆள் சரியா பார்க்கலை" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் அந்தக் காகிதத்தைச் சுருட்டிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். ஓட்டைகள் வட்டமாக இல்லை. புளியங்கொட்டை மாதிரி நீளநீளமாக இருந்தன. குண்டு படுத்துக்கொண்டே போய் காகிதத்தைக் கிழித்திருக்கிறது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்று இரவு தூங்கவில்லை. அதற்குக் காரணம் அந்தக் குழல் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

புல்லட் முடிவானால் தோட்டா ரகம் முடிவாகும். தோட்டா முடிவானால் குழல். என்னைக் கேட்டால் இருக்கிற பணத்தில் தாராளமாகச் செலவழிக்க வேண்டிய இடம் குழல்தான். குரோம்மாலி 4140 உருக்கு, அதாவது நாம் ஈ.என். 19 என்று ஸ்டோர் ரூமில் சொல்வோமே அதேதான், அல்லது 416 ரகத் துருப்பிடிக்காத உருக்கு. வரிகளை ஒற்றைக் கொக்கி போன்ற வெட்டியால் நூறு நூறு தடவை இழுத்து மெதுவாக வெட்டுவது ஒரு முறை. கெட்டியான பட்டன் ஒன்றை உள்ளே தள்ளி அழுத்தி எடுப்பது இன்னொரு முறை. எது உசத்தி என்று கிளப்பில் சண்டையே நடக்கும். இரண்டிலும் ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். உள்விட்டம் முனையிலிருந்து முனைவரை சீராக இருக்கிறதா என்பதே முக்கியம். அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று பேசுவார்கள்.

குழல் நல்லதாக இருந்தும் சேம்பர் கோணலாக வெட்டினால் போச்சு. லேத்தில் நாலு தாடை சக்கில் பூட்டி, வெளி வட்டத்தைப் பார்க்காமல் உள் துளைக்கு டயல் வைத்து மையம் பிடிக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் நமக்கு அதைச் சொல்லிக் கொடுத்த மேஸ்திரி, மையம் பிடிக்கிற வரை மெஷினை ஆன் பண்ண விடமாட்டார், ஞாபகம் இருக்கிறதா? அரை நாள் போய்விடும். பிரிஸ்பேனில் என் இரண்டாவது குழலுக்கு மையம் பிடிப்பதை நின்று பார்த்தேன். அந்த மேஸ்திரி என் பக்கத்தில் பீடி வாசனையோடு நிற்பது போலவே இருந்தது.

குழல் கார் டயர் மாதிரி, தேயும். சூடு பட்டுப் பட்டு சேம்பருக்கு முன்னால் உள்ள பகுதி அரித்துவிடும். .308 குழல் மூவாயிரம் ரவுண்டுக்கு மேலும் தாங்கும். மருந்து அதிகம் பிடிக்கிற 6.5-284 போன்ற ரகங்கள் ஆயிரத்துச் சொச்சத்திலேயே களைத்துவிடும். ஆகவே தோட்டா ரகம் எடுக்கும்போதே அடுத்த குழலுக்கும் காசு எடுத்து வைக்க வேண்டும். இதை யாரும் முதலில் சொல்வதில்லை.

ஆக்‌ஷன் என்பது போல்ட் ஓடும் உடம்பு. நான் வைத்திருப்பது நியூசிலாந்து பார்னார்ட். மூன்று காது உள்ள போல்ட், கனமான உடம்பு. அதில் நான் பார்ப்பது விறைப்பு, போல்ட் முகம் நேராக இருப்பது, ஊசி அடிக்கும் நேரம் குறைவாக இருப்பது, அவ்வளவே. நல்ல ஆக்‌ஷன் ஐந்தாறு குழலைப் பார்த்துவிடும். விசை விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி உடைய வேண்டும், கை தட்டினால் தானாக வெடிக்கக் கூடாது.

கட்டையும் அதில் ஆக்‌ஷனை உட்கார வைப்பதும்தான் எனக்குப் பிடித்த பகுதி. நம் என்.சி.சி. காலத்து மரக்கட்டைத் துப்பாக்கிகளை நினைத்துப் பாருங்கள். ஐப்பசி மழையில் மரம் ஊறும், சித்திரையில் சுருங்கும். குழலைத் தொடும் இடத்தில் அழுத்தம் மாறும், குண்டு விழும் இடம் மாறும். இப்போது குழலை எங்கேயும் தொடவிடுவதில்லை. குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு பத்து ரூபாய் நோட்டு ஆக்‌ஷன் வரை தடையில்லாமல் போய்வர வேண்டும். ஆக்‌ஷனுக்குக் கீழே அலுமினியத் தூண்களை வைத்து, எபாக்ஸி ஊற்றி, அச்சாகப் பதித்துவிடுவார்கள். திருகைத் தளர்த்தி இறுக்கும்போது டயல் முள் அசையக் கூடாது. அஸ்திவார போல்ட்டைக் கிரவுட் பண்ணி மெஷினை நிறுத்துகிறோமே, அதே வேலைதான். நெய்வேலியில் முப்பது வருடம் இருந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

ஸ்கோப் எல்லாவற்றுக்கும் பிறகு. கண்ணாடி தெளிவாக இருந்தால் நல்லது. அதைவிட, பத்து கிளிக் ஏற்றிப் பத்து கிளிக் இறக்கினால் பழைய இடத்துக்கே வரவேண்டும். உருப்பெருக்கம் கூடினால் கானலும் கூடித் தெரியும். அந்தக் கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துத்தான் காற்றைப் படிக்கிறோம். எங்கள் ஓ.டி. மீனவர்கள் கொண்டல், வாடை, கச்சான், சோழகம் என்று பெயர் வைத்துக் காற்றை வீட்டு ஆள் மாதிரி பேசுவார்கள். நான் சிறு வயதில் அதைச் சட்டை செய்யவில்லை. பெல்மான்ட்டில் படுத்துக்கொண்டு கொடியைப் பார்க்கும்போது, கூட ஒரு பெரியவர் இருந்தால் தேவலை என்று தோன்றும்.

கடைசியாக, இதையெல்லாம் சரியாகச் சேர்த்த பிறகும் மிஞ்சுகிற ஒரு விஷயம், தோட்டாவின் லாட். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஆனால் வேறு வேறு நாளில் செய்த லாட். பெரிய போட்டிக்காரர்கள் தங்கள் பாயிண்ட் டூ டூ ரைஃபிளையே எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்குப் போகிறார்கள். அங்கே அதைக் கவ்வியில் பூட்டி, லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து, பிடித்த லாட்டை மொத்தமாக வாங்கி வருகிறார்கள். ஏர் ரைஃபிளில் சின்ன ஈயக் குண்டுக்கும் இதே பரிசோதனைதான். அந்த விளையாட்டில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு. நம் கடலூரில் 1999இல் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019இல் ரியோவிலும் புட்டியானிலும் தங்கம் வாங்கிய பெண், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அறுபது ரவுண்டில் 630.7 எடுத்தார். பத்தாவது இடம். எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. சராசரி ஒரு ரவுண்டுக்குப் பத்தரைக்கு மேல் எடுத்தும் வெளியே நிற்க வேண்டிய விளையாட்டு அது. நானும் கிளப்பில் ஒரு பாயிண்ட் டூ டூவைக் கவ்வியில் வைத்து இரண்டு லாட் சுட்டுப் பார்த்தேன். 50 மீட்டரில் குழுவின் மையம் அரை அங்குலம் தள்ளி விழுந்தது. துப்பாக்கியை யாரும் தொடவே இல்லை.

அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். புளியங்கொட்டை ஓட்டை அன்று நான் தூங்காததற்கும் இதுவே காரணம்.

1971. ஒரு துப்பாக்கிச் சுடும் போட்டி. எந்த ஊர், எந்த முகாம் என்பதெல்லாம் வேண்டாம். நானும் என் ரூம்மேட்டும் ஒரே துப்பாக்கியில் சுட்டோம். அவன் முதலில், நான் அடுத்து. அவன் நன்றாகச் சுட்டான். நான் சுட்டதில் ஐந்தும் நெருக்கமாகத்தான் விழுந்தன, ஆனால் மொத்தமாக ஓரமாய் விழுந்தன. அணியில் இடம் போயிற்று. நான் எல்லோர் முன்னாலும், "நீதான்டா சைட்டைத் திருப்பி வெச்சே, வேணும்னே பண்ணினே" என்று சொன்னேன். அவன் ஏதோ சொல்ல வந்தான். நான் கேட்கவில்லை. கடைசி வருடம் முழுக்க ஒரே அறையில் பேசாமல் இருந்தோம். அவனுடைய கட்டில் மேற்கு ஜன்னல் பக்கம், என்னுடையது கதவுப் பக்கம். நடுவே ஒரு கயிற்றுக்கொடி. அவன் கல்யாணப் பத்திரிகை வந்தது. நான் போகவில்லை.

கவ்வியில் வைத்த துப்பாக்கி குண்டை வேறு இடத்தில் போட்ட அன்றுதான் எனக்கு நினைவு வந்தது. 1971இல் அவன் சுட்டு முடித்ததும் தோட்டாப் பெட்டி காலியாகி, எனக்குப் புதுப்பெட்டி உடைத்தார்கள். பெட்டியின் நிறமே வேறு. யாருடைய தப்பும் இல்லை, இருப்பதைக் கொடுத்தார்கள், சுட்டோம். அத்தனை வருடம் நான் சுமந்தது ஒரு லாட் நம்பரை. அல்லது என் கன்னம் கட்டையில் உட்கார்ந்த விதமாகவும் இருக்கலாம். பதற்றத்தில் அதுவும் மாறும்.

நேற்று ராத்திரி லாட்ஜில் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, இதையெல்லாம் படம் போட்டு விளக்கி, "என்னை மன்னிச்சுடுடா" என்றேன். காகிதம் காகிதமாகக் காட்டினேன். கிரீன்ஹில் சூத்திரம்கூடச் சொன்னேன், எதற்கென்று தெரியவில்லை. அவன் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்:

"டேய், நான் பின் சைட்டை ஒரு பல் திருப்பினது நெசம்டா. உன் கண்ணு வேற, என் கண்ணு வேற, எனக்கு அது ஒத்து வரலை. சுட்டு முடிச்சதும் திருப்பி பழைய இடத்துல வெச்சேனா இல்லையான்னு எனக்கே ஞாபகம் இல்லை. அன்னைக்கு அதைத்தான் சொல்ல வந்தேன். நீ கேக்கலை. ஐம்பது வருஷமா எனக்கும் அது தெரியாமலேதான் இருக்கு."

இரண்டு பேரும் சிரித்தோம். அவன் மனைவி கதவைத் தட்டி, ரத்த அழுத்த மாத்திரை போட்டாச்சா என்று கேட்டார்கள். மூன்றாவது வரிசையில், நீலச் சட்டை. எழுந்திருக்க வேண்டாம்டா, உட்கார்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒரே ஒரு அறிவிப்பு. சாப்பாடு முடிந்ததும் நானும் அவனும் கடலூர் போகிறோம், தேவனாம்பட்டினத்தில் கோட்டை இருந்த இடத்தைப் பார்க்க. இப்போது அங்கே பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை, ஆறும் கடலும் இருக்கின்றன. வேனில் நாலு இடம் காலி. வருகிறவர்கள் இரண்டரை மணிக்கு வாசலில் நில்லுங்கள், இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம்.